லினக்ஸில் ஹார்ட் டிஸ்க் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களுக்கும் நண்பர்களின் நண்பர்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுக்கப் போய், "டிஸ்க் டிரைவர் பிரச்சினை" என்று யார் சொன்னாலும் என் வீட்டு வாசலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வந்து பார்த்தால் பெரும்பாலும் டிரைவர் நிரபராதி. கேபிள், கரண்டு, கணினி எழும்போதே திறக்கும் பயாஸ் திரையில் ஒரு அமைப்பு, விண்டோஸ் அரைத் தூக்கத்தில் விட்டுப்போன பார்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி) என்று வேறு ஏதாவது இருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்ததால் இந்தத் தொகுப்பு.

கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டவேண்டும். எல்எஸ்பிஎல்கே என்றால் எல், எஸ், பி (பயாஸின் பி), எல், கே என்று ஐந்து எழுத்து, நடுவில் இடம் விடாமல். பல கட்டளைகளுக்கு முன்னால் நிர்வாகி உரிமை தரும் சூடோ சேர்க்க வேண்டியிருக்கும்.

அண்ணா, புது ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கேன். இதுக்கு லினக்ஸ் டிரைவர் எங்க டவுன்லோடு பண்றது?

எங்கேயும் வேண்டாம். டிஸ்க் கம்பெனிக்கு ஒரு டிரைவர் என்று கிடையாது. டிஸ்க்கைச் செருகியிருக்கும் கன்ட்ரோலர் என்ற சிப்புக்குத்தான் டிரைவர். சாட்டா கேபிளில் மாட்டும் டிஸ்க் என்றால் ஏஹெச்சிஐ, எம்.2 குச்சி வடிவில் வரும் வேகமான எஸ்எஸ்டி என்றால் என்விஎம்இ, யுஎஸ்பி பெட்டி என்றால் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் அல்லது யுஏஎஸ். எல்லாம் லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. என்விஎம்இ டிரைவரே 2012இல் வந்த 3.3 கெர்னலிலிருந்து இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் சில ரெய்டு கார்டுகளுக்குத் தயாரித்தவர்கள் தனியாக டிரைவர் கொடுப்பார்கள். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அதை மறுபடி கம்பைல் செய்து மாரடிக்க வேண்டும். வீட்டுக்கு அப்படி ஒரு கார்டு வாங்காதீர்கள்.

டிஸ்க்க மாட்டிட்டேன், ஒண்ணுமே தெரியல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? அங்கேயே இல்லை என்றால் லினக்ஸைத் தொடவே வேண்டாம். கேபிள், பவர், போர்ட் மூன்றையும் பாருங்கள். பயாஸில் இருந்தால் அடுத்து எல்எஸ்பிஎல்கே. கெர்னல் கண்ணுக்குத் தெரிந்த எல்லா டிஸ்க்கும் அதில் வரும். அங்கேயும் இருந்து, ஃபைல் மேனேஜரில் மட்டும் இல்லை என்றால் டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பயாஸில் இருக்கிறது, எல்எஸ்பிஎல்கேயில் இல்லை என்றால்தான் சந்தேகம் டிரைவர் பக்கம் திரும்புகிறது. 'எல்எஸ்பிசிஐ', இடைவெளி, 'மைனஸ் கே' என்று கொடுத்தால் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் எந்த டிரைவர் வேலை செய்கிறது என்று காட்டும். யுஎஸ்பி என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி மைனஸ் டி' (ட்ரீயின் டி). கூடவே 'டிஎம்இஎஸ்ஜி மைனஸ் டபிள்யூ' (முதல் எழுத்து டிஸ்க்கின் டி) ஓடவிட்டு டிஸ்க்கைச் செருகிப் பாருங்கள்; கெர்னல் பேசுவது நேரலையில் ஓடும். செருகியும் ஒரு வரிகூட வரவில்லையா? கணினிக்கு அந்த டிஸ்க் போய்ச் சேரவே இல்லை. டிஎம்இஎஸ்ஜி என்ற இந்த ஒரு கட்டளையைப் பழகிக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

லிஸ்ட்ல பேர் வருது சார், ஆனா திறக்க முடியல

புது டிஸ்க் என்றால் பார்டிஷனே போட்டிருக்காது. ஜிபார்டெட் மாதிரி ஒரு பார்டிஷன் கருவியில் போட்டு ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். 2 டிபிக்கு மேல் என்றால் பார்டிஷன் அட்டவணை எம்பிஆர் வகை வேண்டாம், ஜிபிடி வகை.

பழைய டிஸ்க் என்றால் அதன் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கும் முறை) இந்தக் கெர்னலுக்குத் தெரியாததாக இருக்கலாம். கேமரா கார்டுகளிலும் பென்டிரைவ்களிலும் வரும் எக்ஸ்ஃபேட் இதற்கு நல்ல உதாரணம். மைக்ரோசாஃப்ட் 2019இல் அதன் விவரங்களை வெளியிட்ட பிறகுதான் கெர்னலுக்குள் வந்தது; சாம்சங் எழுதிய இப்போதைய டிரைவர் 2020இல் 5.7 கெர்னலில் சேர்ந்தது. அதற்கும் முந்தைய கெர்னலை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் தனியாக ஒரு பேக்கேஜ் போட்டாக வேண்டும்.

விண்டோஸ் டிரைவ்ல இருக்கிறத படிக்க முடியுது, ஆனா ஒண்ணும் எழுத முடியல. பெர்மிஷன் பிரச்சினையா?

பெர்மிஷன் இல்லை. விண்டோஸ் 8இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாகத் தூங்காது. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடும். அந்த நிலையில் லினக்ஸ் உள்ளே போய் எழுதினால் ஃபைல்கள் குழம்பிவிடும் என்பதால் டிரைவர் வேண்டுமென்றே எழுத மறுக்கிறது. நம் நன்மைக்குத்தான்.

விண்டோஸுக்குள் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, அந்த ரீஸ்டார்ட்டில் லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் என்றால் அது ஒழுங்காக மூடும். நிரந்தரத் தீர்வுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். 2021இல் 5.15 கெர்னலில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்டிஷன்களுக்காக வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இன்னும் கறார்: சரியாக மூடாத பார்டிஷன் என்றால் மவுன்ட் செய்யவே (திறந்து இணைக்கவே) மறுத்துவிடும். ஃபோர்ஸ் கொடுத்து உள்ளே போகும் வழி இருக்கிறது, ஆனால் விண்டோஸில் ஒருமுறை செக்டிஸ்க் என்ற சோதனைக் கருவியை ஓட்டுவதே நல்லது. என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற லினக்ஸ் கட்டளை செக்டிஸ்க்குக்கு மாற்று இல்லை. அது சில்லறைக் கோளாறுகளைச் சரிசெய்து, 'அழுக்கு' என்ற அடையாளத்தைத் துடைக்கும், அவ்வளவுதான்.

புது லேப்டாப். உபுண்டு இன்ஸ்டாலர்ல எஸ்எஸ்டியே காட்டல. விண்டோஸ்ல மட்டும் ஜம்முனு தெரியுது. எஸ்எஸ்டி லினக்ஸுக்கு ஒத்துவராதா?

எஸ்எஸ்டி ஒத்துவரும். இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் பயாஸில் சாட்டா அல்லது ஸ்டோரேஜ் மோடை 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று வைத்து அனுப்புகிறார்கள். ஒரே ஒரு டிஸ்க் இருக்கும் லேப்டாப்பில் ரெய்டு எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் அது எரிச்சல்தான். அந்த மோடில் என்விஎம்இ டிஸ்க் சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. டிஎம்இஎஸ்ஜியில் 'ரீமேப்டு என்விஎம்இ' என்று தேடுங்கள். "பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று" என்று கெர்னலே எழுதிவைத்திருக்கும். சில இயந்திரங்களில் இதே விஷயம் 'விஎம்டி' என்ற பெயரில் வரும். விஎம்டிக்கு லினக்ஸில் டிரைவர் உண்டு என்பதால், கொஞ்சம் புதிய இன்ஸ்டாலரை எடுத்தாலே தெரிந்துவிட வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் பயாஸில் விஎம்டியை அணைக்கவேண்டியதுதான்.

விண்டோஸ் வேண்டாம் என்றால் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இரண்டும் வேண்டும் என்றால் நேராக மாற்றாதீர்கள், விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஏறுவதற்குள் பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் சில சமயம் பின் நம்பர் எடுபடாது, அக்கவுண்ட் பாஸ்வேர்டு கேட்கும். அது ஞாபகம் இல்லாமல் நடு ராத்திரியில் எனக்குப் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க், சின்ன ஃபைல்னா ஓகே. சினிமா மாதிரி பெருசா காப்பி பண்ணா பாதியில கழண்டுக்குது. டிரைவர் தப்புதானே இது?

முதலில் கரண்டைப் பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட் கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகம் கேட்கலாம். டிக், டிக் என்று சத்தம் வந்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். நீட்டிப்பு கேபிளை எடுங்கள், முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கம் செருகுங்கள், தனி பவர் அடாப்டர் உள்ள ஹப் கிடைத்தால் அதில் போடுங்கள். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

கரண்டு சரி, இன்னும் கழன்றுகொள்கிறது என்றால், இந்த முறை உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. யுஏஎஸ் என்ற வேகமான முறையைத் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, சுமை ஏறியதும் திணறும் பிரிட்ஜ் சிப்புகள் (பெட்டிக்குள் யுஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைப்பவை) நிறைய உலாவுகின்றன. டிஎம்இஎஸ்ஜியில் 'யுஏஎஸ்', 'அபார்ட்', 'ரீசெட்' என்ற சொற்கள் அடுத்தடுத்து வந்தால் நோய் அதுதான். கெர்னலுக்குள்ளேயே இப்படிப்பட்ட பெட்டிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்களுடையது அதில் இல்லை என்றால் நாமே சொல்லிவிடலாம். எல்எஸ்யுஎஸ்பி கொடுத்தால் பெட்டிக்கு நேரே கோலனால் பிரிந்த இரண்டு நான்கிலக்கக் குறியீடுகள் தெரியும். பூட் ஆகும்போது எந்தச் சிஸ்டம் என்று கேட்கும் க்ரப் மெனுவில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்', புள்ளி, 'குவர்க்ஸ்', சமக்குறி, அந்த இரண்டு குறியீடுகள் கோலனோடு, இன்னொரு கோலன், 'யு' என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். யுஏஎஸ் விலகி, பழைய யுஎஸ்பி-ஸ்டோரேஜ் பொறுப்பேற்கும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கழலாது.

இது ஒரு முறைக்கு மட்டும்தான். வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு க்ரப் அமைப்புக் கோப்பில் எழுதி நிரந்தரமாக்குங்கள். இப்படித் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்க்கும் வழியைக் கீழேயும் சொல்வேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, லாக்குல ஏடிஏ எரர்னு பக்கம் பக்கமா வருது. டிஸ்க் போச்சா, கேபிளா, டிரைவரா, எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பக்கம் பக்கமாக வருவதில் இரண்டு சொற்களைத்தான் தேடவேண்டும். 'யுஎன்சி' என்றால் டிஸ்க் அந்த இடத்தைப் படிக்கமுடியாமல் தவிக்கிறது, தட்டிலேயே பழுது. 'ஐசிஆர்சி' என்றால் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைகிறது. பெரும்பாலும் கேபிள், அல்லது தளர்ந்த கனெக்டர். 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்பது விளைவுதான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சாட்டா வேகத்தை 6 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து 3க்கும் 1.5க்கும் கெர்னல் தானாக இறக்கியிருந்தால், கேபிள் மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

அடுத்து, ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியை 'மைனஸ் ஏ' சேர்த்து ஓட்டி டிஸ்க் தன் ஆரோக்கியம் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' கணக்கைப் பாருங்கள். வரிசை எண் 5 மாற்றப்பட்ட செக்டர்கள், 197 சந்தேகத்தில் உள்ளவை, 198 படிக்கவே முடியாதவை. இவற்றின் கடைசி நெடுவரிசையில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது. 199 மட்டும் ஏறுகிறது என்றால் கேபிள். ஒரு நண்பர் இதே 199ஐப் பார்க்காமல் அடுத்தடுத்து இரண்டு டிஸ்க் வாங்கினார். மூன்றாவது வாங்கக் கிளம்பும்போதுதான் என்னிடம் கேட்டார். பழைய கேபிளை மாற்றினோம், முதல் டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கேபிளை மாற்றினாலும் 199 பூஜ்யத்துக்குத் திரும்பாது. மேலே ஏறாமல் நின்றாலே வெற்றி.

இரண்டு வகையிலும் சேராமல், 'ஃப்ரோசன்', 'டைம்அவுட்' என்று மட்டும் வந்தால் பவர் சேமிப்பையோ என்சிக்யூ என்ற கட்டளை வரிசை முறையையோ சந்தேகிக்கலாம். மேலே சொன்ன தற்காலிக வழியில் 'லிபேட்டா', புள்ளி, 'ஃபோர்ஸ்', சமக்குறி, 'நோஎன்சிக்யூ' என்று சேர்த்துப் பாருங்கள். அடங்கினால் டிஸ்க்குக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் பலவீனம்.

ஸ்மார்ட்ல 'பாஸ்டு'ன்னு வருதே, அப்போ டிஸ்க் நல்லாத்தானே இருக்கு?

நம்பாதீர்கள். கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது 'ஃபெயில்டு' என்று மாறும். அதற்குள் ஃபோட்டோக்கள் போய்விடும். மேலே சொன்ன நான்கு எண்களைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நீண்ட சோதனையை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள், பெரிய டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும். யுஎஸ்பி பெட்டி வழியாக ஸ்மார்ட் தகவல் வரவில்லை என்றால் 'மைனஸ் டி' (டிஸ்க்கின் டி), இடைவெளி, 'எஸ்ஏடி' (சாட்டாவின் முதல் மூன்று எழுத்து) சேர்த்தால் பல பெட்டிகள் வாய் திறக்கும்.

அப்டேட் பண்ணேன், ரீஸ்டார்ட்ல கறுப்புத் திரையில இனிட்ராம்எஃப்எஸ்னு நிக்குது. டிஸ்க் அழிஞ்சுபோச்சா?

அழியவில்லை. கெர்னல் எழுந்தவுடன் முதலில் ஒரு சிறிய மூட்டையை அவிழ்க்கும். அதன் பெயர்தான் இனிட்ராம்எஃப்எஸ். உண்மையான டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் அந்த மூட்டையில்தான் இருக்கும். சாவியே பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. மூட்டை சரியாகக் கட்டப்படவில்லை என்றால் வாசலிலேயே நிற்கும். அதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், பூட் பார்டிஷன் நிறைந்துபோய் மூட்டை பாதியில் நின்றது. மதர்போர்டை மாற்றியபோதும் நடக்கும்: ஃபெடோரா போன்றவை அந்தந்த இயந்திரத்துக்கு வேண்டிய டிரைவரை மட்டும் மூட்டையில் வைக்கும். டெபியனும் உபுண்டுவும் வழக்கமாக எல்லாவற்றையும் திணித்து வைப்பதால் அங்கே இது குறைவு.

க்ரப் மெனுவில் பழைய கெர்னலையோ, ஃபெடோராவில் 'ரெஸ்க்யூ' வரியையோ தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். பூட் பார்டிஷனில் இடம் செய்துவிட்டு, உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்', ஃபெடோராவில் 'டிராகட்' கொண்டு மூட்டையை மறுபடி கட்டுங்கள். பழைய கெர்னலும் ஏறவில்லை என்றால் அந்தக் கறுப்புத் திரையிலேயே பிஎல்கேஐடி (பயாஸின் பி) தட்டுங்கள். டிஸ்க் தெரிந்தால் பிரச்சினை யுயுஐடி என்ற பார்டிஷன் அடையாள எண் பொருந்தாததிலோ ஃபைல் சிஸ்டத்திலோ இருக்கிறது. தெரியவில்லை என்றால் 'மோட்ப்ரோப்' கொடுத்து என்விஎம்இ, ஏஹெச்சிஐ, விஎம்டி என்று ஒவ்வொன்றாக ஏற்றிப்பார்த்து 'எக்ஸிட்' அடியுங்கள். திரையில் 'எஃப்எஸ்சிகேயை (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கட்டளை) நீயே ஓட்டு' என்று எழுதியிருந்தால் இது எதுவும் இல்லை, அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

நேத்து எஸ்டிபின்னு இருந்துச்சு, இன்னிக்கு எஸ்டிசின்னு வருது. யார் மாத்துறா?

யாரும் இல்லை. எந்த டிஸ்க் முதலில் கை தூக்குகிறதோ அதற்கு முதல் எழுத்து. பூட்டில் எதை மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் இந்தப் பெயர்களை எழுதாமல் பிஎல்கேஐடி காட்டும் யுயுஐடியை எழுதுங்கள். வெளி டிஸ்க் என்றால் 'நோஃபெயில்' சேருங்கள். இல்லாவிட்டால் அதைச் செருகாத அன்று பூட் நின்றுவிடும்.

லேப்டாப் சும்மா இருக்கும்போது உறைஞ்சுடுது, அப்புறம் 'ரீட் ஒன்லி'ங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரி. லாக்லயும் ஒண்ணும் இல்ல!

லாக்கை எழுதவேண்டிய டிஸ்க்கே காணாமல் போயிருந்தால் லாக் எங்கே இருக்கும்? அடுத்த முறை உறைந்ததும் திரையில் வருவதைப் போனில் படம் எடுங்கள். 'என்விஎம்இ கன்ட்ரோலர் இஸ் டவுன்' என்ற வரி இருந்தால், எஸ்எஸ்டி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் எழமுடியாமல் கிடக்கிறது. என்விஎம்இ டிஸ்க்கைத் தானாகத் தூங்கவைக்கும் ஏபிஎஸ்டி வசதி 2017இல் 4.11 கெர்னலில் வந்தது. சில டிஸ்க், மதர்போர்டு ஜோடிகளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

புதிய கெர்னல்களில் அந்த வரிக்குக் கீழேயே மருந்தும் எழுதியிருக்கும்: என்விஎம்இ கோர் டிரைவரின் 'டிஃபால்ட் பிஎஸ் மேக்ஸ் லேட்டன்சி' அளவைப் பூஜ்யமாக்கு, பிசிஐஇ இணைப்பின் பவர் சேமிப்பான ஏஎஸ்பிஎம்மை அணை என்று. திரையில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் க்ரப் வரியில் சேருங்கள். முதலில் முதலாவதை மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டையும் போட்டால் பேட்டரி கூடுதலாகச் செலவாகும். அதோடு எஃப்டபிள்யூயுபிடி கருவியில் எஸ்எஸ்டிக்குப் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதுதான் சரியான வைத்தியம், இதெல்லாம் கஷாயம்.

யுஎஸ்பி பெட்டி உடைஞ்சுபோச்சுன்னு டிஸ்க்க கழட்டி நேரா சாட்டாவுல போட்டேன். பார்டிஷனே இல்லைங்குது! டேட்டா போயிடுச்சா?

கையை எடுங்கள், எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பழைய விண்டோஸுக்கும் காட்டுவதற்காக, சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 என்று மாற்றிச் சொல்லும். பார்டிஷன் அட்டவணையும் அந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். நேராகப் போட்டால் கணக்கு எட்டு மடங்கு பிசகும். தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முகவரிதான் தப்பாகத் தெரிகிறது.

'லோசெட்அப்' கட்டளைக்கு செக்டர் அளவு 4096 என்று சொல்லி, காலியான லூப்பைத் தேடும் 'மைனஸ் எஃப்' தேர்வையும், வாசிக்க மட்டும் என்ற 'மைனஸ் ஆர்' தேர்வையும், பார்டிஷனைத் தேடச் சொல்லும் பெரிய எழுத்து 'மைனஸ் பி' தேர்வையும் சேர்த்து அந்த டிஸ்க்கைக் கொடுங்கள். பார்டிஷன்கள் லூப் என்ற பெயரில் எழுந்து வரும். மவுன்ட் செய்து வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முறை இது வேலை செய்தபோது டிஸ்க்கின் சொந்தக்காரரைவிட நான்தான் அதிகம் குதித்தேன். பெட்டியிலேயே குறியாக்கம் செய்யும் ரகம் என்றால் இது எடுபடாது. அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத்தான் தேடவேண்டும்.

கழற்றிய டிஸ்க் சுழலவே இல்லை என்றால் இன்னொரு விஷயம். சில டிஸ்க்குகள் சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்துகொள்ளும். அந்த வோல்ட்டைக் கொடுக்காத மோலெக்ஸ் அடாப்டர் வழியாக பவர் கொடுத்தால் எழுந்துவிடும்.

ஃப்ரீபிஎஸ்டியிலயும் இதே கதைதானா?

லினக்ஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளம்தான் அது. கதை ஒன்று, பெயர்கள் வேறு. சாட்டா டிஸ்க் ஏடிஏ0 (நடு எழுத்து டிஸ்க்கின் டி), யுஎஸ்பி டிஸ்க் டிஏ0 என்று வரும்; 'கேம்கன்ட்ரோல் டெவ்லிஸ்ட்' பட்டியல் தரும். ஸ்மார்ட்சிடிஎல்லும் டிஎம்இஎஸ்ஜியும் அங்கேயும் உண்டு. விண்டோஸ் பார்டிஷனுக்கு ஃப்யூஸ் (கெர்னலுக்கு வெளியே ஃபைல் சிஸ்டத்தை ஓட்டும் வசதி) வழியாக என்டிஎஃப்எஸ்-3ஜி.

எஃப்எஸ்சிகே ஓட்டினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

திடீரென்று கரண்டு போய் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருந்தால் சரியாகும். பார்டிஷனை அன்மவுன்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். ஆனால் 'யுஎன்சி' வருகிற, 197 ஏறுகிற டிஸ்க்கில் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஓடி ஓடி எழுதச் சொன்னால், மிச்சம் இருப்பதும் போகும்.

அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு முதலில் டிடிரெஸ்க்யூ. படிக்க முடிந்ததை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கஷ்டமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் கருவி இது. மேப் கோப்பு ஒன்றும் கொடுத்தால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த டிஸ்க்கிலிருந்து என்பது முதலில், எதற்கு என்பது இரண்டாவது. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்படும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. எஃப்எஸ்சிகேயை நகலின் மேல் ஓட்டுங்கள்.

எல்லாம் பாத்தாச்சு. கேபிளும் மாத்தியாச்சு. நிஜமாவே டிரைவர் தப்புதான்னு எப்படி உறுதியா சொல்றது? யார்கிட்ட சொல்றது?

அதே டிஸ்க், அதே போர்ட், அதே கேபிள். கெர்னல் மட்டும் வேறு. பழைய கெர்னலில் ஒழுங்காக ஓடி, புதியதில் தகராறு செய்து, மறுபடி பழையதற்குப் போனால் சரியாகிறது என்றால் டிரைவர் மேல் கை நீட்டலாம். ஒருமுறை பார்த்தால் போதாது, இரண்டு மூன்று தடவை மாறிமாறி ஓட்டிப் பாருங்கள். பழைய கெர்னல் கையில் இல்லை என்றால் வேறு பதிப்பின், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யலாம்.

உறுதியானால் முதலில் உங்கள் டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பின்) பக் பட்டியலில் பதியுங்கள். எந்தக் கெர்னலில் ஓடியது, எதில் நின்றது, டிஸ்க்கின் மாடல், ஃபர்ம்வேர் எண், எல்எஸ்பிசிஐ வெளியீடு, முழு டிஎம்இஎஸ்ஜி எல்லாம் வேண்டும். பிழை வந்த நான்கு வரியை மட்டும் வெட்டி ஒட்டினால், பார்ப்பவர் திரும்ப முழுதையும் கேட்பார், அதில் ஒரு வாரம் போகும். கெர்னலை நீங்களே கம்பைல் செய்து ஓட்டுகிறவர் என்றால் சோர்ஸில் 'மெயின்டெய்னர்ஸ்' என்ற கோப்பைத் திறங்கள். எந்த டிரைவரை யார் பார்த்துக்கொள்கிறார், எந்த முகவரிக்கு எழுதவேண்டும் என்று அதில் இருக்கும். டிஸ்க்கின் சீரியல் நம்பரை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.